ஓடிட் வருவதற்கு முன்னால் யார் பார்த்திருக்க வேண்டும்? அரச அலுவலகங்களின் உள்ளகக் கட்டுப்பாடும் உள்ளகக் கணக்காய்வும்

ஹட்டன் டவுனிலோ பண்டாரவளை பஸ் நிலையத்திலோ நாலு பேர் நின்று அரச காசைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கொஞ்ச நேரத்தில் "ஓடிட் என்ன செய்தது?" என்ற கேள்வி வந்துவிடும். போட்ட கொங்கிரீட் பாதை ஒரு மழைக்கே பெயர்ந்தால் இந்தக் கேள்வி. நிவாரணப் பட்டியலில் வீடிழந்தவரின் பெயர் விடுபட்டு, வீடிழக்காதவரின் பெயர் இருந்தாலும் இதே கேள்வி. கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் ஓடிட் வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே, அந்த அலுவலகத்துக்குள் இருக்கும் ஒருவர் அதைத் தடுத்திருக்க வேண்டிய கட்டம் ஒன்று இருந்திருக்கும். அந்தக் கட்டத்தில் என்ன நடந்தது, அதற்கு யார் பொறுப்பு என்று நாம் கேட்பதே இல்லை.

பொதுவாக ஓடிட் என்று சொல்லும்போது மூன்று வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அலுவலகம் தனக்குள் வைத்திருக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகள் ஒன்று. அந்த ஏற்பாடுகள் வேலை செய்கின்றனவா என்று அலுவலகத்துக்குள்ளேயே இருந்து பார்ப்பது இன்னொன்று. வெளியே இருந்து கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் ஆட்கள் வந்து பார்ப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டத்தான் இந்தக் கட்டுரை. கணக்கியல் படித்திருக்கத் தேவையில்லை.

கொழுந்து மடுவத்தில் தொடங்கலாம்

தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் தன் கொழுந்தைக் கொண்டுவந்து மடுவத்துத் தராசில் வைக்கிறார். கணக்கப்பிள்ளை நிறுத்து எழுதுகிறார். எத்தனை கிலோ என்று அந்தப் பெண்ணுக்கும் ஒரு துண்டு கிடைக்கிறது, அல்லது கிடைக்க வேண்டும். அப்புறம் கொழுந்து லொறியில் ஏறி பெக்டரிக்குப் போகிறது, அங்கே வேறொருவர் அதை மறுபடி நிறுக்கிறார். மலையில் எழுதிய கூட்டுத்தொகையும் பெக்டரி நிறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படுகின்றன. ஈரம் காய்ந்து கொஞ்சம் குறையும், அது வழமை. அதற்கு மேல் குறைந்தால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். மாத முடிவில் சம்பளச் சீட்டு வரும்போது அந்தப் பெண் தன் துண்டுகளைக் கூட்டிப் பார்க்கிறார்.

இதில் பொலிஸ்காரர் யாரும் இல்லை. யாரையும் கள்ளன் என்று யாரும் சந்தேகிக்கவும் இல்லை. ஒரே எண் மூன்று பேர் கையில் தனித்தனியாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒருவர் பிழை விட்டாலும், வேண்டுமென்றே மாற்றினாலும், மற்ற இரண்டு இடத்தில் அது வெளியே தெரிந்துவிடும். இதுதான் உள்ளகக் கட்டுப்பாடு.

இப்போது தோட்டத்தின் உதவி முகாமையாளரான சின்னத்துரை ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மடுவத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசில் படிக்கல்லை வைத்துச் சோதிக்கிறார். கொஞ்சம் துண்டுகளை எடுத்து, தொழிலாளரின் வேலைப் பதிவேடான செக்ரோலோடு ஒத்துப்பார்க்கிறார், ஒத்துவராததைக் குறித்துக்கொண்டு போய் முகாமையாளரான பெரிய துரையிடம் சொல்கிறார். அவர் கொழுந்து நிறுக்க வரவில்லை. நிறுக்கும் முறை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வந்தார். உள்ளகக் கணக்காய்வு செய்வது இதைத்தான். அவரே தினமும் தராசுக்குப் பக்கத்தில் நின்று நிறுக்க ஆரம்பித்தால் அவர் இன்னொரு கணக்கப்பிள்ளை ஆகிவிடுவார், அவரைப் பார்க்க ஆள் இருக்காது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

உள்ளகக் கட்டுப்பாடு என்றால் சரியாக எது?

ஓர் அலுவலகம் தன் வேலையை உருப்படியாக முடிக்கவும், சொத்தைக் காக்கவும், உண்மையான கணக்கு வைத்திருக்கவும், சட்டத்துக்குள் நடக்கவும் தனக்குள்ளேயே செய்து வைத்திருக்கும் எல்லா ஏற்பாடுகளும் சேர்ந்ததுதான் உள்ளகக் கட்டுப்பாடு. பெட்டகத்தின் சாவி ஒருவரிடம், காசுப் புத்தகம் இன்னொருவரிடம் இருப்பது அதில் ஒரு துண்டு. களஞ்சியத்தில் பொருள் ஏற்கும்போது எண்ணிப் பார்ப்பதும், மாதாமாதம் வங்கிக் கூற்றையும் காசுப் புத்தகத்தையும் ஒத்துப்பார்ப்பதும் அதில் அடங்கும். வருடத்துக்கு ஒருமுறை ஒரு குழு வந்து மேசை கதிரை முதல் கணினி வரை எண்ணிப் பார்ப்பதும் அதுதான்.

உலகம் முழுக்க இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் 1992இல் வெளியாகி 2013இல் திருத்தப்பட்ட கோசோ என்ற சட்டகத்தை எடுத்துக்கொள்வார்கள். அது ஐந்து பகுதிகளைச் சொல்கிறது. எங்கே பிழை வரலாம் என்று முன்கூட்டியே யோசிப்பது, அதற்கேற்ற நடவடிக்கைகளை வைப்பது, தகவல் உரியவருக்கு உரிய நேரத்தில் போய்ச் சேருவது, எல்லாம் தொடர்ந்து நடக்கிறதா என்று கவனிப்பது ஆகியவை நான்கு. ஐந்தாவதாகவும் எல்லாவற்றுக்கும் அத்திவாரமாகவும் வருவது கட்டுப்பாட்டுச் சூழல், அதாவது மேலே இருப்பவர் விதியை எப்படி மதிக்கிறார் என்பது. என் பார்வையில் இந்த ஐந்தாவதுதான் பாதி விஷயம். அலுவலகத் தலைவர் "பரவாயில்லை, கடதாசியைப் பிறகு போடலாம், இப்ப செக்கை எழுது" என்று ஒருமுறை சொன்னால் போதும், கீழே இருக்கும் முப்பது பேருக்கும் விதி என்பது பிறகு போடும் கடதாசி என்று விளங்கிவிடும். அதற்குப் பிறகு எத்தனை சுற்றுநிருபம் வந்தாலும் பெரிதாகப் பயன் இல்லை.

சட்டமும் பொறுப்பை மேலேதான் வைக்கிறது. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, பயனுள்ள உள்ளகக் கட்டுப்பாட்டு முறையை உண்டாக்கிப் பேண வேண்டியவர்கள் பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தரும் கணக்கீட்டு உத்தியோகத்தரும். அமைச்சுக்கு அதன் செயலாளர் முதலாவது வகை. திணைக்களத் தலைவரும் மாவட்டச் செயலாளரும் இரண்டாவது வகை. பொறுப்பு அவர்களுடையது. கணக்காய்வாளருடையது இல்லை.

சரி, இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், கட்டுப்பாடு என்பது வேலை செய்கிறவர்களின் கையில் தினமும் இருக்கும் ஒன்று, அதை அமைத்துக் காப்பாற்ற வேண்டியவர் தலைவர்.

ஒரு கொடுப்பனவின் பின்னால் நாலு படிகள்

லயத்துக்குப் போகும் பாதை ஒன்றுக்குக் கொங்கிரீட் போடப்படுகிறது. வேலை செய்தவருக்குக் காசு கொடுக்க வேண்டும். இலங்கையின் நிதிப் பிரமாணங்களில், அதாவது அரச காசைக் கையாளும் விதிகளின் தொகுப்பில், 135 முதல் 139 வரை இதற்கான வழி இருக்கிறது.

முதலில் அதிகாரமளித்தல். இந்த வேலையை இந்தத் தொகைக்குள் செய்யலாம் என்று அதற்குரியவர் அனுமதிக்கிறார். அடுத்தது அங்கீகரித்தல், அதாவது இந்தக் குறிப்பிட்ட கொடுப்பனவைச் செய்யலாம் என்பது. மூன்றாவது சான்றுப்படுத்தல். வேலை நடந்தது, அளவு சரி, கணக்கு சரி, உரிய அனுமதிகள் இருக்கின்றன என்று ஒருவர் தன் பெயரால் உறுதி சொல்கிறார். கடைசியில்தான் காசு கொடுத்தல். நாலையும் ஒருவரே செய்யக்கூடாது என்பதுதான் இதன் உயிர். இதற்குக் கடமைப் பிரிப்பு என்று பெயர்.

மூன்றாவது படியில் கொஞ்சம் நில்லுங்கள், மோசடி பெரும்பாலும் நுழைவது அங்கேதான். பாதையின் நீளத்தை யாரும் போய்ப் பார்க்கலாம். கொங்கிரீட் ஆறு அங்குலமா நாலு அங்குலமா என்பது போட்டு மூடிய பிறகு வெளியே தெரியாது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் கொங்கிரீட் ஊற்றும் நாளில் மலை ஏறிப் போய் அளந்தாரா, இல்லை மேசையிலிருந்தே மதிப்பீட்டில் இருந்த எண்ணை அளவீட்டுப் புத்தகத்தில் எழுதினாரா? இரண்டு வழியிலும் வவுச்சர், அதாவது கொடுப்பனவுச் சீட்டு, ஒரே மாதிரிதான் இருக்கும். எல்லாக் கையொப்பமும் இருக்கும். செக்கும் போகும்.

ஆகவே கையொப்பம் கூடினால் கட்டுப்பாடு கூடும் என்று நினைப்பது பெரிய தப்பு. எனக்குத் தெரிந்தவரை நடப்பது இதற்கு நேர்மாறானது. ஏழு பேர் கையொப்பமிடும் கடதாசியில் ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேர் பார்த்திருப்பார்கள் என்று நம்பிக் கையொப்பமிடுகிறார்கள். ஒவ்வொரு கையொப்பமும் எதைப் பார்த்துவிட்டுப் போடப்படுகிறது என்று எழுத்தில் இல்லாவிட்டால் அது வெறும் மை. தாமதத்துக்கும் ஊழலுக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதிகாரிகள் சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. சரியாக வைத்த மூன்று கையொப்பம் ஏழு கையொப்பத்தைவிட விரைவாகவும் போகும், பாதுகாப்பாகவும் இருக்கும்.

உள்ளகக் கணக்காய்வாளர் என்ன செய்கிறார்?

மேலே சொன்ன ஏற்பாடுகள் இருக்கின்றனவா, இருந்தால் வேலை செய்கின்றனவா என்று சுயாதீனமாகச் சோதித்து, தலைவருக்கு நேரடியாக அறிக்கை கொடுப்பதுதான் உள்ளகக் கணக்காய்வு. நிதிப் பிரமாணம் 133 இதைச் சொல்கிறது. தேசிய கணக்காய்வுச் சட்டத்தின் 40ஆம் பிரிவும் சொல்கிறது. உள்ளகக் கணக்காய்வாளர் சம்பளம் வாங்குவது அதே அரச நிறுவனத்தில்தான், ஆனால் அவர் கணக்காளருக்குக் கீழே வேலை செய்யக்கூடாது. கணக்காளரின் வேலையையே பார்க்க வேண்டியவர் கணக்காளரிடம் லீவு கேட்டு நிற்பவராக இருந்தால் என்ன எழுதுவார்?

அவர் எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. எங்கே ஆபத்து அதிகம் என்று கணித்து வருடத் திட்டம் ஒன்று போடுகிறார், அந்த இடங்களில் மாதிரிகளை எடுத்துச் சோதிக்கிறார். பாதை விஷயத்தில் நல்ல உள்ளகக் கணக்காய்வாளர் ஃபைலை மூடிவிட்டு மலைக்குப் போவார். பாதையை அளப்பார், அளவீட்டுப் புத்தகத்தின் திகதியையும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அன்று போன வாகனத்தின் ரன்னிங் சார்ட் என்ற ஓட்டப் பதிவையும் பக்கத்தில் வைப்பார். அன்று அந்த வாகனம் அந்தப் பக்கமே போகவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வி தானாக வந்துவிடும். பாதை நன்றாகவே இருந்தாலும்கூட அவர் எழுத வேண்டியது உண்டு: "இந்த அலுவலகத்தில் அளவீடு களத்தில் எடுக்கப்படுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை." இன்று காசு போகவில்லை, ஆனால் கதவு திறந்து கிடக்கிறது என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம்.

இங்கேதான் அந்தச் சின்னத்துரை விஷயம் திரும்ப வருகிறது. ஆள் பற்றாக்குறை உள்ள பல இடங்களில் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவிடம், காசு கொடுப்பதற்கு முன்னால் வவுச்சர்களைப் பார்த்துச் சரி என்று அடையாளம் போட்டுத் தரச் சொல்வார்கள். கேட்க நல்லதாகத்தான் இருக்கும். கூடுதல் பாதுகாப்புத்தானே என்று தோன்றும். உண்மையில் அதோடு உள்ளகக் கணக்காய்வு போய்விடுகிறது. தான் அடையாளம் போட்ட வவுச்சரில் பிழை என்று ஆறு மாதம் கழித்து அவரே எப்படி எழுதுவார்? சான்றுப்படுத்த வேண்டியவரும் "அதுதான் ஓடிட் பார்த்துவிட்டதே" என்று கண்ணை மூடிக் கையொப்பமிடுவார். ஒரே அடியில் இரண்டு காவலும் இல்லாமல் போகின்றன. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலே நடக்கும் சேதம் இது. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுகிறேன்.

அறிக்கை எழுதினால் போதாது, யாராவது வாசிக்க வேண்டும். அதற்காகச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் கணக்காய்வு முகாமைத்துவக் குழு என்ற ஒன்று இருக்கிறது. காலாண்டுக்கு ஒரு முறையாவது கூடி, என்ன பிழை சொல்லப்பட்டது, யார் எப்போது திருத்துவார் என்று பார்ப்பது அதன் வேலை. கூட்டக்குறிப்பில் "கவனத்தில் எடுக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சுருக்கமாக: உள்ளகக் கணக்காய்வாளர் வேலையைச் செய்வதில்லை, அனுமதிப்பதில்லை, தண்டிப்பதும் இல்லை. சோதித்துச் சொல்கிறார். திருத்துவது தலைவர்.

வெளியிலிருந்து வரும் கணக்காய்வு

பத்திரிகையில் வரும் ஓடிட் பெரும்பாலும் இதுதான். கணக்காய்வாளர் தலைமை அதிபதி அரசியலமைப்பின் 153ஆம், 154ஆம் உறுப்புரைகளின் கீழ் வருபவர். அமைச்சு, திணைக்களம், மாகாண சபை, பிரதேச சபை, அரச கூட்டுத்தாபனம் எல்லாவற்றையும் அவரது அலுவலகம் கணக்காய்வு செய்கிறது. அவர் பதில் சொல்வது பாராளுமன்றத்துக்கு, அந்த நிறுவனத் தலைவருக்கு இல்லை. திணைக்களங்கள் பற்றிய அறிக்கை 1921 முதல் இருக்கும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவுக்குப் போகும். கூட்டுத்தாபனங்கள் பற்றியது 1979இல் வந்த கோப் குழுவுக்கு, அதாவது பொது முயற்சியாண்மைகள் பற்றிய குழுவுக்குப் போகும். ஜனவசம போன்ற அரச தோட்ட நிறுவனங்கள் இந்த இரண்டாவது பட்டியலில் வருகின்றன.

நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் அவர் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். பத்து மாதம் என்றால் பெயர்ந்த பாதையில் இரண்டு மழைக்காலம் போயிருக்கும். அது அவருடைய குற்றம் இல்லை, அந்த வேலை பின்னால் வருவதற்காகவே அமைந்தது. முன்னால் நிற்க வேண்டியது உள்ளே இருக்கும் கட்டுப்பாடு.

நம் மலையில் கவனிக்க வேண்டியவை

கட்டுப்பாடு எல்லா இடத்துக்கும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்க முடியாது. எரிபொருளை எடுங்கள். கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஜீப் ஒரு லீற்றருக்கு ஓடும் தூரமும், குருநாகல் சமவெளியில் அதே ஜீப் ஓடும் தூரமும் ஒன்றாகாது. சமவெளிக் கணக்கை இங்கே வைத்தால் நேர்மையான சாரதியும் கள்ளனாகத் தெரிவார். எண்ணே வைக்காவிட்டால் யார் எவ்வளவு எடுத்தாலும் தெரியாது. வாகனத்தை இந்த வீதிகளிலேயே ஓட்டிப் பரிசோதித்து அளவு குறித்துவைப்பதுதான் வழி, அதைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கவும் வேண்டும்.

தோட்டப் பாதைகளிலும் ஒரு குழப்பம் இருந்தது. 1987இன் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டப் பகுதிகளில் சபைகள் செலவு செய்வதற்குத் தடை இருந்துவந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதற்கு முன்னால் "ஓடிட் விடாது" என்று மக்களிடம் சொல்லப்பட்ட இடங்களில் உண்மையில் தடுத்தது சட்டம். கணக்காய்வாளர் சட்டத்தில் இருப்பதைத்தான் சுட்டிக்காட்டுவார். விதி அநியாயமாக இருந்தால் அதை மாற்ற வேண்டிய இடம் பாராளுமன்றம், மாற்றியதும் அங்கேதான்.

எனக்கு மிகவும் வேதனை தரும் விஷயம் மொழி. உதவி பெற்றவர் கையொப்பமிட்டார் என்பது ஒரு முக்கியமான கட்டுப்பாடு, காசு உரியவரிடம் போனது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் பற்றுச்சீட்டு அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் மட்டும் அச்சாகி, தொகையும் அவர் கையொப்பமிட்ட பிறகு நிரப்பப்பட்டால் அந்தச் சாட்சி எதற்கும் உதவாது. மடுவத்தில் தன் துண்டு கிடைக்காத பெண்ணின் நிலைமைதான் இது. தராசு சரியாக இருந்தாலும், ஏதாவது குறைந்தால் அதைக் கண்டுபிடிக்கும் ஒரே ஆளை நாம் வெளியே நிறுத்திவிட்டோம். தமிழில் படிவம் கொடுப்பதை எல்லாரும் உரிமைப் பிரச்சினையாகப் பேசுகிறார்கள், அது சரிதான். கூடவே அது காசைக் காக்கும் பிரச்சினையும்தான். உள்ளகக் கணக்காய்வு அறிக்கைகளில் இது ஒரு குறையாக எழுதப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அப்புறம் அனர்த்த காலம். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்து மலை சரிந்தபோது, நாலு படியும் முடியட்டும் என்று பசியோடு இருப்பவரைக் காக்க வைக்க முடியாது. அப்படிப்பட்ட நேரத்தில் முன்னால் வைக்கும் தடையைக் குறைத்து, பின்னால் செய்யும் சரிபார்ப்பைக் கூட்ட வேண்டும். முதலில் கொடுங்கள், பெயர்ப்பட்டியலை கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் தோட்டத்திலும் தமிழில் ஒட்டுங்கள், அப்புறம் மாதிரி எடுத்து வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். ஒட்டிய பட்டியலை ஊரே வாசிக்கும். அதைவிடச் சிறந்த கணக்காய்வாளர் இல்லை.

இதனால் முடியாதது

எந்தக் கட்டுப்பாடும் முழு உத்தரவாதம் தராது. பிரித்து வைத்த இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தால் கடமைப் பிரிப்பு உடைந்துவிடும். தலைவரே விதியை மீறி உத்தரவிட்டால் கீழே இருப்பவரால் தடுக்க முடியாமல் போகலாம். நாலே பேர் இருக்கும் கிளை அலுவலகத்தில் எல்லாக் கடமையையும் பிரிக்கவும் முடியாது. அங்கே தலைவரே வாரத்துக்கு ஒருமுறை காசை எண்ணிப் பார்ப்பது போன்ற மாற்று வழிதான் இருக்கிறது.

கேள்வி கேட்கும்போது

அடுத்த முறை பாதை பெயர்ந்தால் கணக்காய்வாளரைத் தேடுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: அளவீட்டை எடுத்தவர் யார், எந்தத் திகதியில், வேலை முடிந்தது என்று சான்றுப்படுத்தியவர் யார்? இந்த அலுவலகத்தில் கடைசியாக உள்ளகக் கணக்காய்வு நடந்தது எப்போது, அதில் சொன்ன குறைகளில் திருத்தப்பட்டவை எவை?

இவை உங்களுக்குக் கேட்க உரிமையுள்ள கேள்விகள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அங்கும் சரிவராவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தில் "பாதை பற்றிய விபரம்" என்று பொதுவாக எழுதாமல், பாதையின் பெயரையும் வருடத்தையும் போட்டு, அளவீட்டுப் புத்தகத்தின் உரிய பக்கங்களின் பிரதியும் கொடுப்பனவு வவுச்சரின் பிரதியும் வேண்டும் என்று எழுதுங்கள்.